அண்ணா வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வீட்டிலுள்ள மேசைக் கணினி ஒரு நாள் இயங்க மறுத்தால், நம் வீடுகளில் இரண்டு வசனங்கள் கேட்கும். ஒன்று, "அது செத்துப் போச்சு." மற்றது, "அண்ணா வரட்டும், கடைக்குக் கொண்டுபோவார்." பொத்தானை நாலைந்து தரம் அழுத்திப் பார்த்த பிள்ளை ஒதுங்கிக்கொள்வாள். கணினியின் மேல் ஒரு துணி விரிக்கப்படும். அண்ணாவுக்கு வேலை, வாப்பாவுக்குப் பயணம், கடைக்காரருக்கு நேரமில்லை என்று ஒரு வாரம் ஒரு மாதமாகும். அதற்குள் பிள்ளையின் செயற்றிட்டம் ஒப்படைக்க வேண்டிய நாள் கடந்துவிடும்.

இந்த இரண்டு வசனங்களைப் பற்றியே பெற்றோரோடும் மாணவியரோடும் சிறிது பேச விரும்புகிறேன். முதலாவது வசனம் பெரும்பாலும் உண்மையல்ல. இரண்டாவது பெரும்பாலும் தேவையில்லை.

நான் தெல்லிப்பழையில் பிறந்தவள். இப்போது இக்கல்லூரியில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். எங்கள் மாணவியருக்குக் கணினியின் படத்தைக் கொடுத்தால் பாகங்களைப் பிழையின்றிக் குறிப்பார்கள். தாய்ப்பலகை எது, வலு வழங்கி எது, வன்தட்டு எது என்று கேட்டால் கைகள் உயரும். "உங்கள் வீட்டுக் கணினி நாளைக் காலை இயங்காவிட்டால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அது அவர்களின் குறையன்று. படத்தில் உள்ள பெட்டியைத் திறக்க யாரும் அவர்களை விட்டதில்லை.

சென்ற மழைக்கால விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். உயர்தரம் படிக்கும் என் பெறாமகள் பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். அவளுடைய கணினி இரண்டு நாளாக இயங்கவில்லை. அத்தான் அதைச் சுன்னாகத்திலுள்ள ஒரு கடைக்குக் கொண்டுபோவதற்காகச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"என்ன சோதிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"பட்டனை அமத்தினம் சித்தி. ஒண்டும் வரேல்லை" என்றாள்.

"சுவரிலை கரண்ட் இருக்கோ?"

"வீடெல்லாம் லைட் எரியுது தானே!"

வீடெல்லாம் விளக்கு எரிவதும் அந்த ஒரு குதையில் மின்சாரம் இருப்பதும் வேறு வேறு. கணினியைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவரச் சொன்னேன். கைபேசிச் சார்ஜரை அவளே அந்தக் குதையில் செருகினாள்; வேலை செய்தது. அடுத்ததாக மேசை விளக்கை யூ.பி.எஸ்ஸின் பின்புறத்தில் செருகச் சொன்னேன், எரியவில்லை. யூ.பி.எஸ்ஸை விலக்கிவிட்டுக் கணினியின் வடத்தை நேரே சுவர்க் குதையில் செருகிப் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுழன்றது, திரை ஒளிர்ந்தது. மேசைக்கடியில் யாரும் பார்க்காமல் கிடந்த யூ.பி.எஸ்ஸின் 12 வோல்ற்றுப் பற்றறி நான்கு வருடப் பாவனையில் முடிந்துபோயிருந்தது. பற்றறி முற்றாக இறங்கிவிட்டால் சாதாரண யூ.பி.எஸ் பல, சுவரில் மின்சாரம் இருந்தாலும் தொடங்குவதில்லை. அன்று கடைக்குப் புறப்பட இருந்தது நோயில்லாத பெட்டி.

அவள் செய்ததில் பெரிய வித்தை எதுவும் இல்லை. சுவரிலிருந்து கணினி வரைக்கும் மின்சாரம் நடந்துவரும் பாதையை ஒவ்வொரு படியாகத் தொடர்ந்தாள். நான் சொல்ல வருவதன் சாரமும் அதுதான். பழுது பார்ப்பது என்பது முதலில் ஒரு பாதையைத் தொடர்வது. திருப்புளி பிறகுதான் வரும்.

அந்தப் பாதையை இங்கே எழுதிவிடுகிறேன். வீட்டில் ஒரு தாளில் எழுதிக் கணினியின் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம்.

முதலில், "இயங்கவில்லை" என்பதன் பொருளைத் தெளிவாக்க வேண்டும். விளக்குமில்லை, விசிறியுமில்லை என்றால் மின்சாரம் வந்து சேரவில்லை, அல்லது வலு வழங்கி பழுது. விசிறி சுழல்கிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது என்றால் மின்சாரம் வருகிறது. திரையையும் அதன் வடத்தையும் நினைவகத்தையும் பார்க்க வேண்டும். சில நொடிகள் இயங்கி நின்றுவிடுகிறது என்றால் வெப்பமோ ஒரு குறுஞ்சுற்றோ காரணமாகலாம். இந்த மூன்றில் எது என்று சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

பொத்தானை அழுத்தியும் எதுவும் அசையாவிட்டால் சுவரிலிருந்து தொடங்குங்கள். வேலை செய்யும் என்று தெரிந்த ஒரு விளக்கைக் குதையில் செருகிப் பாருங்கள். நம் வீடுகளில் வட்டமுனைச் செருகியும் சதுரமுனைச் செருகியும் கலந்து கிடப்பதால் இடையில் ஓர் இணைப்பான் இருக்கும். அது தளர்ந்திருப்பது வழக்கம். 13 அம்பியர் சதுரமுனைச் செருகிக்குள் ஓர் உருகி உண்டு. அது எரிந்திருந்தால் வேறு எதைச் செய்தும் பயனில்லை. பிறகு நீட்சிப் பலகை, அதன் பின் யூ.பி.எஸ். அதற்கும் அடுத்தது கணினியின் மின்வடம். பெரும்பாலும் கணினித் திரைக்கும் அதே வகை வடம்தான் இருக்கும். இரண்டையும் மாற்றிச் செருகினால் வடம் நல்லதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கணினியின் பின்புறத்தில் வடம் செருகும் இடத்துக்கு அருகே ஒரு சிறிய ஆளி இருக்கும். ஒரு பக்கத்தில் கோடும் மறுபக்கத்தில் வட்டமும் குறிக்கப்பட்டிருக்கும். கோட்டுப் பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். கூட்டித் துடைக்கும்போது அது மறுபக்கம் புரள்வது உண்டு. பழைய வலு வழங்கிகளில் 115, 230 என்று எழுதிய இன்னோர் ஆளியும் இருக்கலாம். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று. அந்த ஆளியைத் தொடவே கூடாது.

இத்தனையும் சரியாக இருந்தும் இயங்காவிட்டால், வடத்தைக் கழற்றிவிட்டு முன் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஒரு மின்வெட்டுக்குப் பின் வலு வழங்கி தன்னைப் பாதுகாத்துக்கொள்வதற்காகப் பூட்டிக்கொண்டிருந்தால் இப்படிச் செய்யும்போது விடுபடக்கூடும்.

இங்கே ஒரு விடயத்தை விளங்கிக்கொள்வது நல்லது. விளக்கின் ஆளி மின்சாரத்தை நேரே இணைக்கிறது, துண்டிக்கிறது. இன்றைய கணினியின் முன் பொத்தான் அப்படிச் செய்வதில்லை. 1995இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.ரி.எக்ஸ் நியமத்துக்குப் பின், பொத்தான் தாய்ப்பலகைக்கு ஒரு செய்தியை மட்டுமே அனுப்புகிறது. தாய்ப்பலகைதான் வலு வழங்கியை எழுப்புகிறது. அதற்காக, அணைந்திருக்கும்போதும் 5 வோல்ற்று மின்சாரம் உள்ளே காத்துக்கொண்டிருக்கும். அணைந்த கணினியிலும் சில வேளைகளில் வலையமைப்பு வடம் செருகும் இடத்தில் சிறு வெளிச்சம் தெரிவது இதனால்தான். அந்த வெளிச்சம் இருந்தால் மின்சாரம் தாய்ப்பலகை வரை வந்துவிட்டது என்று பொருள். கோளாறு பொத்தானிலோ அதற்கு அப்பாலோ இருக்கலாம். "அணைத்துவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு பெட்டியைத் திறக்கக் கூடாது, வடத்தைக் கழற்றிய பின்னரே திறக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

இப்படித் தொடர்ந்து பார்ப்பது புதிய கலையன்று. 1990இல் நாங்கள் தெல்லிப்பழையை விட்டு இடம்பெயர்ந்து மானிப்பாயில் இருந்தோம். குடாநாட்டில் அப்போது மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்தே செய்தி கேட்டார்கள். வானொலி திடீரென்று நின்றால் என் அம்மா வானொலியைத் தட்டமாட்டார். டைனமோ சில்லில் உரசுகிறதா, வயர் கழன்றிருக்கிறதா, முனை கறுத்திருக்கிறதா என்று சில்லிலிருந்து வானொலி வரை விரலாலேயே தடவிக்கொண்டு வருவார். அம்மா பள்ளிக்கூடத்தில் மின்சுற்றுப் படித்தவரல்லர். ஆனால் திருத்தித் தர வேறு ஆளில்லாத காலம் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்தப் பாடத்தைப் படிப்பித்தது. சமாதான காலத்தில், கடைகள் நிறைந்த ஊரில், அதே பாடத்தை நம் பிள்ளைகள் மறந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

பெட்டியைத் திறக்கலாமா என்று பெற்றோர் கேட்பது நியாயம். வடத்தைக் கழற்றிய பின், பக்கத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்க்கலாம். முதலில் பெட்டியின் உலோகப் பகுதியைக் கையால் தொட வேண்டும். உடலில் சேர்ந்த நிலைமின் அதனால் இறங்கிவிடும். எங்கள் ஊரின் செம்மண் புழுதியும் காங்கேசன்துறைப் பக்கத்திலிருந்து வரும் உப்புக்காற்றும் ஈரப்பதனும் சேர்ந்தால், விசிறியில் ஒரு மெத்தையே படிந்திருக்கும். மென்மையான தூரிகையால் அதைத் துடைக்கலாம். பல்லி புகுந்து குறுஞ்சுற்றை உண்டாக்குவதும் உண்டு. விசிறி சுழன்றும் திரை வராவிட்டால், 'றாம்' என்று கடையில் சொல்லும் நினைவகப் பலகையை மெதுவாகக் கழற்றி, பொன்னிற முனைகளை அழிறப்பரால் துடைத்து, துகளை ஊதிவிட்டுத் திரும்பவும் அழுத்திச் செருகலாம். இந்தச் சிறு வேலையோடு எழும்பிய கணினிகள் பலவற்றைக் கண்டிருக்கிறேன்.

தாய்ப்பலகையில் சிறு தகரப்பேணிகள் போல நிற்பவை கொள்ளளவிகள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். ஊதியோ கசிந்தோ இருந்தால் பலகை பழுது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தரம் குறைந்த கொள்ளளவிகளால் உலகம் முழுவதும் பல கணினிகள் இப்படிச் செத்தன. டெல் நிறுவனம் 2005இல் இத்தகைய பழுதுகளுக்காக 30 கோடி டொலரை ஒதுக்க நேர்ந்தது. எனவே கணினி நின்றுபோனதும் "நீ என்ன செய்தாய்?" என்று பிள்ளையை ஏசுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். பிழை, பிறந்த இடத்திலேயே இருந்திருக்கலாம்.

திறக்கக் கூடாத இடமும் ஒன்றுண்டு. கணினிக்குள்ளே இருக்கும் வலு வழங்கி என்ற உலோகப் பெட்டியை மாணவியர் எவரும் திறக்கக் கூடாது. 230 வோல்ற்று அங்கே நேரோட்டமாக மாற்றப்படும்போது ஏறத்தாழ 325 வோல்ற்றுக் கொள்ளளவியில் சேர்ந்திருக்கும். வடத்தைக் கழற்றிய பின்னும் அது உடனே போய்விடாது. வலு வழங்கி பழுதென்று கண்டால் அதைப் புதிதாக மாற்றுவதே முறை. எரிந்த மணம் வந்தாலும், கணினியைப் போட்டதும் வீட்டின் 'ரிப் சுவிச்' விழுந்தாலும், மேற்கொண்டு சோதிக்காமல் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பதும் தொழினுட்ப அறிவுதான்.

"பெண்பிள்ளை கரண்டோடு விளையாடக் கூடாது" என்று சொல்லும் தாய்மார் உண்டு. அவர்களின் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதே பிள்ளை ஈரக் கையோடு அயன்பெட்டியையும் கிறைண்டரையும் கேத்திலையும் தினமும் கையாளுகிறாள். அங்கே கரண்ட் இல்லையா? ஆபத்து பெண்ணுக்கு ஒன்று, ஆணுக்கு ஒன்று என்று பிரிந்து வருவதில்லை. எது ஆபத்து என்று தெரியாதவருக்கே அது கூடுதலாக வருகிறது. வடத்தைக் கழற்றாமல் பெட்டியைத் திறக்கும் அண்ணாவைவிட, கழற்றிவிட்டுத் திறக்கும் தங்கை பாதுகாப்பானவள்.

பெற்றோர் யோசிக்க வேண்டிய இன்னொரு விடயம், இதைவிடப் பாரதூரமானது. வீட்டுக் கணினிக்குள் என்ன இருக்கிறது? கலியாண வீட்டுப் படங்கள், பிள்ளைகளின் படங்கள், அடையாள அட்டையின் பிரதி, வங்கிக் கடிதம், திறந்தபடியே விட்ட மின்னஞ்சல். இயங்கவில்லை என்பதற்காக அந்தப் பெட்டியை அப்படியே முன்பின் தெரியாத ஒரு மேசைக்கு அனுப்புகிறோம். திருத்துநர்களில் நேர்மையானவர்களே அதிகம் என்பது என் எண்ணம். ஆனாலும் வீட்டுச் சாவியை யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகமாட்டோம் அல்லவா? அந்தப் படங்கள் எல்லாம் வன்தட்டில் இருக்கின்றன. பெரும்பாலான கணினிகளில் அது இரண்டு வடங்களாலும் சில திருகாணிகளாலும் பொருத்தப்பட்டிருக்கும். புதியவற்றில் ஒரே ஒரு திருகாணி பிடித்த சிறு பலகையாகத் தாய்ப்பலகையிலேயே இருக்கும். அதைக் கழற்றி, துணியில் சுற்றி, அலுமாரியில் வைத்துவிட்டுப் பெட்டியைக் கடைக்கு அனுப்பலாம். மின்சாரக் கோளாறைக் கண்டுபிடிக்க வன்தட்டு தேவையில்லை. இதைச் செய்யத் தெரிந்த ஒரு மகள் உள்ள வீட்டின் மானம் அவள் கையிலேயே பத்திரமாக இருக்கும்.

இதே காரணத்தால், "செத்துப் போச்சு" என்று அழத் தேவையும் இல்லை. வலு வழங்கி போனாலும் தாய்ப்பலகை போனாலும், வன்தட்டில் உள்ளவை பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

பெண்களுக்கு இது கைவராது என்று நினைப்போருக்கு ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். 1946 பெப்ரவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற கணினி உலகுக்குக் காட்டப்பட்டது. ஓர் அறை நிறைந்த அந்த இயந்திரத்தில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு இளம்பெண்கள். அவர்களுக்குக் கைந்நூல் எதுவும் கொடுக்கப்படவில்லை. மின்சுற்று வரைபடங்களைப் பார்த்தே இயந்திரத்தைக் கற்றார்கள். அப்படிக் கற்றதனால், இயந்திரம் நின்றால் 18,000 குழாய்களில் எது பழுது என்று தேடிக் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேர்ந்தார்கள். அறிமுக விழாவின் இரவு விருந்துக்கு அவர்கள் அழைக்கப்படவில்லை. கத்லீன் மக்நல்ற்றி, ஜீன் ஜெனிங்ஸ் முதலான அவர்களின் பெயர்கள் வெளியுலகுக்குத் தெரியவரப் பல ஆண்டுகள் சென்றன. கணினியின் பழுதைப் பாதை பிடித்துத் தேடும் வேலையில் பெண்கள் தொடக்கத்திலேயே இருந்தார்கள். நாம்தான் இடையில் அவர்களை அங்கிருந்து எழுப்பிவிட்டோம்.

"இப்போது எல்லாம் போனிலேயே நடக்கிறதே, மேசைக் கணினி எதற்கு?" என்றும் சிலர் கேட்பார்கள். கைபேசி பசையால் ஒட்டப்பட்டு வருகிறது, திறந்தால் உடையும். ஒரு சாதாரண திருப்புளியால் திறந்து, ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்துப் பார்த்து, திரும்பவும் பொருத்தக்கூடிய கணினி வீட்டில் இது ஒன்றுதான். நூற்றுக்கணக்கான பக்கங்கள் சொல்வதை அந்தப் பெட்டி ஒரு மாலையில் சொல்லிவிடும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

பெற்றோருக்கு: அடுத்த முறை கணினி நின்றால், கடைக்கு அனுப்புமுன் ஒரு மாலைப் பொழுதை மகளுக்குக் கொடுங்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள், கையைத் தட்டிவிடாதீர்கள். கடைக்கே போக நேர்ந்தாலும், என்னென்ன சோதித்தாள் என்பதை அவள் ஒரு துண்டில் எழுதி அனுப்பட்டும். திருத்துநருக்கும் நேரம் மிச்சம், உங்களுக்கும் செலவு மிச்சம்.

கல்லூரிக்கு: ஆண்டுதோறும் பொருட் கணிப்பில் பாவனைக்கு உதவாதவை என்று ஒதுக்கப்படும் கணினிகளில் ஒன்றையாவது முறைப்படி கேட்டுப் பெற்று, வலு வழங்கியை அகற்றிவிட்டுத் தரம் பத்து மாணவியரிடம் கொடுப்போம். அவர்கள் அதை நூறு தரம் கழற்றிப் பூட்டட்டும்.

மாணவியருக்கு: மின்வெட்டு வந்தால் செருகியைக் கழற்றிவிடுங்கள், திரும்பி வரும் மின்சாரம் சில வேளை துள்ளிக்கொண்டு வரும். 2022இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை மறந்திருக்கமாட்டீர்கள். ஐப்பசி கார்த்திகை இடி மின்னலின்போது, மின்வடத்தோடு இணைய வடத்தையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாலும் வரும். ஒரு சிறு கொப்பியில் திகதியிட்டு, கணினிக்கு என்ன வந்தது, எதைச் சோதித்தீர்கள், எதனால் சரியானது என்று எழுதிவையுங்கள். பதறாத காரியம் சிதறாது. அந்தக் கொப்பி பத்துப் பக்கம் நிறையும்போது, அயல்வீட்டுக் கணினி நின்றாலும் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.